நீண்ட உரோம நாய்களும் கச்சான் வெயிலும்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலையின் வெப்பம் மனிதரை மாத்திரமன்றி, வீட்டில் வளரும் பிராணிகளையும் வாட்டத் தொடங்கிவிடுகின்றது. தமது நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைக் கண்டு மனமிரங்கும் சிலர், அதன் உரோமத்தை அடியோடு வழித்துவிடுகின்றனர். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியம் பல நாய்களுக்கு நன்மையை விடத் தீமையையே விளைவிக்கின்றது என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை.

எமது ஊர் நாய்கள் குட்டை உரோமம் கொண்டவை. இம்மண்ணின் வெயிலுக்குப் பழகியவை. ஆனால், பொமரேனியனின் மூதாதையர் ஐரோப்பாவின் குளிர் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். லாசா அப்சோ திபெத்திலிருந்து வந்தது. குளிரைத் தாங்குவதற்கென அமைந்த போர்வையுடனேயே அவை துறைமுக நகரின் உப்புக் காற்றுக்கும் புழுக்கத்துக்கும் முகங்கொடுக்க வேண்டியுள்ளது.

நாய்களின் உரோமம் பல வகைப்படுவதற்கு, பிரதானமாக மூன்று மரபணுக்களின் வேறுபாடுகளே காரணம் என 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. உரோமத்தின் நீளம், அதன் சுருள், மீசையும் புருவமும் அடர்ந்து வளரும் தன்மை ஆகியன இவற்றால் நிர்ணயிக்கப்படுகின்றன. எனினும், வளர்ப்பவர் முதலில் அறிய வேண்டியது தமது நாயின் உரோமம் இரட்டை அடுக்கினதா, தொடர்ந்து வளர்வதா என்பதையே.

பொமரேனியன், அல்சேஷன், கோல்டன் ரெட்ரீவர் ஆகியவற்றுக்கு வெளியே நீண்ட காவல் உரோமமும் உள்ளே பஞ்சு போன்ற அடியுரோமமும் உண்டு. வெளியடுக்கு வெயில் தோலை நேரடியாகத் தாக்காது தடுக்கின்றது. அதனை வழித்துவிட்டால் தோல் வெந்து புண்ணாகலாம். குறிப்பாகப் பொமரேனியனில் உரோமம் மீண்டும் முளைக்க மாதக்கணக்காவதும், திட்டுத்திட்டாக முளைப்பதும் உண்டு. இவ்வகை நாய்களுக்கு வேண்டியது கத்தரிக்கோல் அல்ல, சீப்பு. உதிர்ந்த அடியுரோமத்தை வாரி அகற்றினால் தோலுக்குக் காற்றோட்டம் கிடைக்கும்.

ஷிட்சூ, லாசா அப்சோ, பூடில் ஆகியவற்றின் உரோமமோ மனிதரின் தலைமயிரைப் போலத் தொடர்ந்து வளர்வது. அதிகம் உதிராது, ஆனால் விரைவில் சிக்காகும். இவற்றுக்கு ஒரு அங்குலமளவு விட்டுக் கத்தரிப்பதில் தவறில்லை. நாள்தோறும் வாருவதும் அவசியம்.

சிக்கு என்பது அழகுக்குறைவு மாத்திரமன்று. அதன் அடியில் ஈரம் தங்கித் தோல் அழுகும். உண்ணிகள் மறைந்து வாழும். புண்ணில் புழுவும் வைக்கும். உண்ணிக் காய்ச்சல் கவனியாது விடப்பட்டால் உயிரையே பறிக்கக் கூடியது. எனவே, காதின் பின்புறம், கக்கம், கால்விரல்களின் இடுக்கு ஆகியவற்றைத் தினமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணிக்கும் சொறிக்கும் மண்ணெண்ணெயோ கழிவு எண்ணெயோ பூசும் வழக்கம் முற்றாகக் கைவிடப்பட வேண்டியதாகும். அவை தோலை எரிப்பதுடன், நாய் நக்கும்போது உடலினுள்ளும் சென்று நஞ்சாகின்றன.

குளிப்பாட்டு முன்னரே சிக்கை எடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு மேலும் இறுகும். மனிதரின் சவர்க்காரம் நாயின் தோலுக்கு ஒவ்வாதது. உப்புவெளி, நிலாவெளிக் கடலில் விளையாடிய நாயை நன்னீரால் கழுவி, அடியுரோமம்வரை உலர்த்துவது அவசியம். மாரிகால வாடையில் இந்த உலர்த்தலே மிக முக்கியமானது.

நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் இளைத்தே அது வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆகவே உரோமத்தை வழிப்பதை விட நிழலும் நீருமே அதற்கு முதலுதவி. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் கட்டி வைக்கப்பட்ட நாயை எந்தச் சீப்பும் காப்பாற்றாது. உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிராபத்து நேரிடலாம். அது தள்ளாடினாலோ சோர்ந்து விழுந்தாலோ, தாமதியாது குளிர்ந்த நீரால் நனைத்துக் காற்றுப்படச் செய்து மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

குட்டியின் பஞ்சு போன்ற அழகில் மயங்கி வாங்குவோர், ஓராண்டின் பின் சிக்கும் சொறியும் கண்டு அதனை வீதியில் விட்டுவிடுவதும் நிகழாமலில்லை. அவ்வாறு விடப்படும் நாய் தானும் துன்புற்று, தடுப்பூசியின்றி விசர்நாய்க்கடி அச்சத்தையும் ஊருக்கு ஏற்படுத்துகின்றது. எனவே, குட்டியை விற்போர் அதன் உரோம வகையையும் பராமரிப்பையும் எடுத்துரைப்பது அவர்களது கடமையாகும். வாங்குவோரும் விலையை விசாரிக்கு முன்னர், நாளொன்றுக்குக் கால் மணி நேரமேனும் சீப்புடன் அமரத் தமக்கு அவகாசமுண்டா என்று தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். அவகாசமில்லாதோர் எமது குட்டை உரோம ஊர்நாயை வளர்ப்பதே இரு தரப்புக்கும் நன்மை பயக்கும் என்பதே எமது கருத்தாகும்.