ஹெரால்டு திரும்பிய இடம்

ஊரப்பாக்கத்தில் வாழ்வோருக்குச் சாலை என்றால் அது ஜி.எஸ்.டி. சாலையே. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பெற்ற பின்னர், அதன் இரைச்சல் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. அச்சாலையில், கடந்த பாஸ்கா விழாவுக்கு மறுநாளாகிய திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கு, நான்கு பழைய கார்கள் நமது ஆலய வளாகத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றில் நாமும் அமர்ந்திருந்தோம்.

பங்குத்தந்தைக்கு இதில் என்ன வேலை என்று அன்பு வாசகர்கள் வினவலாம். நாம் சிறுவனாயிருந்த காலத்தில் எமது பங்குத்தந்தையிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. கிளைக்கிராமப் பூசை முடிந்ததும் அதனைத் தள்ளிவிடுவது பீடச் சிறுவர்களின் கடமை. தூபக்கலசம் ஏந்திய கைகளே சற்று நேரத்தில் அவ்வண்டியின் பின்புறத்தையும் தாங்கும். ஆகவே, நமது பங்கைச் சேர்ந்த வங்கி ஊழியரான இளைஞர் ஒருவர், 1968-ஆம் ஆண்டின் இருகதவு ஹெரால்டு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து, "நான்கு நாள் பயணம், ஃபாதர். நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை.

வண்டிகளைச் சொல்லிவிடுகிறோம். ஹெரால்டு ஒன்று. டீசல் அம்பாசிடர் ஒன்று. பிரீமியர் பத்மினி ஒன்று. நான்காவது, உருமாற்றிய ஜீப். உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றலாகாது என்று உச்சநீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்துவிட்டபடியால், அதன் உரிமையாளர் சாயத்தோடும் இருக்கைகளோடும் நின்றுகொண்டார். ஆயினும் அதன் ஒலிப்பானைப் பற்றி நாம் எதுவும் சொல்லாதிருப்பதே நலம். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. அவ்வாறு பதிவு பெற்றவை அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகா. கண்காட்சிக்கும் இத்தகைய அணிவகுப்புக்குமே சாலையில் வரலாம். திருச்சியில் முதல் இரவு, கோயம்புத்தூரில் இரண்டாம் இரவு, அங்கே 2015-இல் தொடங்கப்பெற்ற ஜீடி கார் அருங்காட்சியகத்தைக் கண்டபின் சேலம் வழியாகத் திரும்புவது என்பது திட்டம்.

ஹெரால்டின் முன்னிருக்கையில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் இல்லையேல் இக்கட்டுரையும் இல்லை.

நம்மூருக்கு வடக்கே, வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்ததை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1948-இல் நிறுவப்பெற்ற கம்பெனி அது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த கார், 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. அம்பாசிடரும் ஃபியட்டும் ஹெரால்டுமே அந்நாளில் இந்தியருக்கு வாய்த்த கார்கள்; அவற்றுள் ஒன்று நம் தமிழகத்தில் பிறந்தது. 1970-களில் கெஸல் வந்தது. 1985-இல் பெரும் எதிர்பார்ப்புடன் வந்த ஸ்டாண்டர்டு 2000 பெட்ரோலை மிகுதியாகக் குடித்து, விலையும் கூடுதலாக இருந்து, விற்காமல் நின்றது. 1988-இல் உற்பத்தி ஓய்ந்தது. நம் பெரியவர் 1966-இல் அங்கே முன்னச்சுப் பிரிவில் சேர்ந்தவர். ஆலை ஓய்ந்தபின் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்த்து மூன்று பெண்மக்களைக் கரையேற்றினார்.

பரனூர் சுங்கச்சாவடியில் பணியாளரே வெளியே வந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்ததும் வெயில் ஏறிற்று. ஹெரால்டு இருமி நின்றது. வெப்பத்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, எஞ்சினுக்கு வரத்து நின்றுவிடும் கோளாறு இது. ஹெரால்டின் முன்மூடி, இருபக்க மட்காடுகளோடும் சேர்ந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும். பெரியவர் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மீது சுற்றிவிட்டு, புளிய மரத்தடியில் அமர்ந்தார். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பிற்று. நமக்குத் தள்ளும் வேலை கிடைக்கவில்லை.

மெய்யான இடர் அன்றிரவு திருச்சியில் தெரிந்தது. நாம் தங்கிய பங்கு இல்லத்தின் முற்றத்தில், பெரியவர் முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, இருகைகளாலும் பற்றி அசைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு என்ன போடறீங்க?"

"மாசம் தவறாம கிரீஸ் அடிக்கிறேன், ஐயா" என்றார் இளைஞர், சற்றுப் பெருமையுடன்.

பெரியவர் எழுந்து நின்றார். "வண்டி இதுக்கு மேல ஒரு அடி போகக்கூடாது."

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை மரை வெட்டப்பட்டு, பித்தளைக் கூடொன்றினுள் திருகப்பட்டிருக்கிறது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் ஊட்டவேண்டும். கிரீஸ் இறுகி அடைத்துக்கொண்டால் மரையின் அடிவரை எண்ணெய் இறங்காது. நீர் தங்கும், துரு ஏறும், தண்டு அரிக்கும். ஒருநாள் முன்னறிவிப்பின்றி அது முறியும். சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். பிரித்தபோது இடப்பக்கத் தண்டு அரித்து மெலிந்திருந்தது. அன்று முழுவதும் அதன்மேல்தான் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தோம். இளைஞர் வாய்திறவாது படிக்கட்டில் அமர்ந்துவிட்டார். அவர் அலட்சியமாயிருந்து கெடுத்தவரல்லர். மாதந்தவறாது பேணியே கெடுத்தவர். அதுவே அவரை மிகவும் வாட்டிற்று.

மறுநாள் பத்மினியும் ஜீப்பும் கோயம்புத்தூர் சென்றன. செல்வதே முறை. நாமும் அம்பாசிடர்க்காரரும் ஹெரால்டோடு தங்கினோம். அருங்காட்சியகத்தைக் காணும் ஆவல் நமக்கு நிறையவே இருந்தது என்பதை மறைப்பானேன்! நகரின் ஓரத்தில், லாரிப் பட்டறைகள் நிறைந்த பகுதியில், ஆறு இடங்களில் கேட்டு, ஏழாவது இடத்தில் வேப்பமரத்தடியே குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஹெரால்டு ஒன்றைக் கண்டோம். அதன் வலப்பக்கத் தண்டும் தேய்ந்திருந்தது. இடப்பக்கத்தில் யாரோ ஒருவர் முறையாக எண்ணெய் ஊட்டியிருக்கிறார். பெரியவர் அதைக் கழற்றித் துடைத்து, மரையில் விரல்நகத்தை ஓட்டிப் பார்த்து, "நல்ல பையன்" என்றார். முகம் தெரியாத அந்த ஓட்டுநரையா, இரும்பையா, யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பூட்டி முடிக்க மாலை ஆறாயிற்று. இளைஞரைக் கீழே படுக்கவைத்து ஒவ்வொரு போல்ட்டையும் அவர் கையாலேயே முடுக்கச் செய்தார். நாம் விளக்குப் பிடித்தோம். "இந்த வண்டி முன்னச்சை அன்னைக்கு நானே பூட்டியிருப்பேனோ, தாத்தா?" என்று அந்த வீட்டு வாட்ச்மேனின் சிறுமி கேட்பதாகச் சொல்லிக் காட்டிச் சிரித்தார் பெரியவர். பின்பு நம்மிடம், "நான் பூட்டியிருக்கலாம், சாமி. பூட்டாமலும் இருக்கலாம். அன்னைக்கு அந்த வரிசையில பல பேர் நின்னோம்" என்றார்.

புதன்கிழமை திரும்பினோம். எங்கும் நிற்கவில்லை. ஊரப்பாக்கம் வந்ததும் பெரியவர், "இன்னும் கொஞ்சம் போலாமா, தம்பி?" என்றார். வண்டலூர் மேம்பாலம் கடந்து, பழைய ஆலை நின்ற நிலத்தருகே வண்டி நின்றது. இன்று அங்கே கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. காவலர் ஓடிவந்து, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்.

"யாரையும் இல்லீங்க. வண்டியைத் திருப்பிக்கத்தான் வந்தோம்."

ஹெரால்டின் முன்சக்கரங்கள் மிகுதியாக மடங்கும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் அது முழுவட்டம் அடித்துவிடும். வேறெந்தக் காரும் முன்னும் பின்னும் மூன்றுமுறை போகவேண்டிய அவ்விடத்தில், இளைஞர் இறங்கிக்கொள்ள, பெரியவர் தாமே சக்கரத்தைப் பிடித்தார். வண்டி ஒரே வளைவில் திரும்பிற்று.