“எல்லா மனிதர்களுக்கும்”னு எழுதின கேட்: வியன்னாவின் அவ்கார்ட்டன்

இந்த எபிசோடில் ஒரே ஒரு பூங்காவைப் பற்றித்தான் பேசப் போறோம். வியன்னாவில் இருக்கிற அவ்கார்ட்டன். வியன்னா போறவங்க லிஸ்டில் ஷோன்ப்ரூன் அரண்மனை கட்டாயம் இருக்கும், இது பெரும்பாலும் இருக்காது. நான் போனப்போ அங்கே சுத்தினவங்களில் பாதிப் பேர் அந்த ஏரியாக்காரங்கதான்: நாயோட வந்தவங்க, ஜாகிங் போறவங்க, குழந்தைகளை சைக்கிள் ஓட்ட விட்டுட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவங்க. டிக்கெட் எதுவும் கிடையாது.

ஆனா “பொது இடம்”ங்கிற வார்த்தைக்கு 250 வருஷத்தில் என்னென்ன அர்த்தம் இருந்ததுன்னு நடந்தே பார்க்கணும்னா, இங்கே வரலாம்.

முதல்ல வழி. யூ2 மெட்ரோவில் டாபோர்ஸ்ட்ராஸ ஸ்டேஷனில் இறங்கினா கொஞ்ச தூரம்தான். மெயின் கேட் வழியா போங்க. அந்த வளைவுக்கு மேலே ஜெர்மனில் ஒரு வாசகம் இருக்கு. அதன் பொருள் ஏறக்குறைய இது: எல்லா மனிதர்களுக்கும் அர்ப்பணிக்கப்பட்ட பொழுதுபோக்கு இடம், அவர்களை மதிக்கும் ஒருவரிடமிருந்து. அந்த “ஒருவர்” பேரரசர் இரண்டாம் ஜோசஃப். 1775இல் அவர்தான் இந்தத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

அதுக்கு முன்னாடி இது அரச குடும்பத்தின் தோட்டம். 1683இல் ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டப்போ இங்கே இருந்த அரண்மனையும் தோட்டமும் அழிஞ்சுபோச்சு. 1712இல் ழான் ட்ரெஹே என்ற பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் மறுபடியும் அமைச்சுக் கொடுத்தார். நீள நீளமான நேர்ப் பாதைகள், ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி வெட்டிவிட்ட மரங்கள். இன்னைக்கும் அந்த அமைப்பு தெளிவா தெரியும். ஒரு பாதையின் இந்தக் கோடியில் நின்னா அந்தக் கோடி வரைக்கும் பார்வை போகும்.

ஜோசஃபுக்கு இது முதல் தடவை இல்லை. 1766லேயே பிராட்டர் என்ற அரச வேட்டைக்காட்டை மக்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். சாதாரண ஜனங்களோட ஒரே இடத்தில் உலாவுறதா என்று பிரபுக்கள் முகம் சுளிச்சாங்களாம். அதுக்கு அவர், எனக்குச் சமமானவங்க கூட மட்டும்தான் இருக்கணும்னா நான் எங்க குடும்பக் கல்லறைக்குத்தான் போகணும்னு பதில் சொன்னதா ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, வியன்னாக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

இது வரைக்கும் கேட்டா “சூப்பர் ராஜாப்பா”ன்னு தோணும். ஆனா அந்த வாசகத்தில் இருக்கிற “எல்லா மனிதர்களும்” யாருன்னு கொஞ்சம் நின்னு பார்க்கணும்.

அவ்கார்ட்டன் இருக்கிற வட்டாரத்தின் பேர் லெயோபோல்ட்ஸ்டாட். முதலாம் லெயோபோல்ட் என்ற பேரரசர் 1670இல் இங்கே வாழ்ந்த யூதர்களை மொத்தமா வெளியேற்றினார். அதுக்கப்புறம்தான் இந்தப் பகுதிக்கு அவர் பேரையே வெச்சாங்க. பிறகு கொஞ்சம் யூதக் குடும்பங்கள் வியன்னாவில் வாழ அனுமதி கிடைச்சது, ஆனா கடுமையான கட்டுப்பாடுகளோட. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் மத்தியானம் 12 மணிக்கு முன்னாடி வெளியே வரக்கூடாது. பொதுக் கேளிக்கை இடங்களுக்குப் போகக்கூடாது.

இந்தத் தடைகளை நீக்கினதும் அதே ஜோசஃப்தான், 1782 ஜனவரியில் வெளியிட்ட சகிப்புத்தன்மை ஆணையில். தேதியைக் கவனிங்க. கேட்டில் “எல்லா மனிதர்களுக்கும்”னு எழுதினது 1775. சட்டத்தில் யூதர்களுக்கு இருந்த தடை போனது 1782. நடுவில் ஏழு வருஷம். போர்டு ஒண்ணு சொல்லுது, சிஸ்டத்தில் பெர்மிஷன் வேற மாதிரி செட் ஆகியிருக்கு. அந்த ஆணையும் முழுச் சமத்துவம் தரலை. வியன்னா யூதர்கள் பொதுவில் வழிபாட்டுத் தலம் வெச்சுக்கிற உரிமை அப்பவும் கிடைக்கலை.

அதே 1782இல்தான் மோட்சார்ட் இங்கே ஞாயிறு காலைக் கச்சேரிகள் நடத்தினார். 1803 மே மாசம் பீத்தோவன் தன்னோட “க்ரொய்ட்சர்” வயலின் சொனாட்டாவை முதல்முறையா அரங்கேற்றினதும் இங்கேதான். அவர் பியானோ, வயலின் வாசிச்சது ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்ற ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர். திறந்த கேட் இருந்தா என்னவெல்லாம் நடக்கும்னு இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது.

அடுத்த நூறு வருஷத்தில் லெயோபோல்ட்ஸ்டாட் வியன்னாவின் பெரிய யூதக் குடியிருப்பா வளர்ந்தது. அவங்க குழந்தைகளுக்கு இது வீட்டுப் பக்கத்துப் பார்க்.

1938 மார்ச்சில் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோட இணைச்சுக்கிட்டது. சில மாசத்துக்குள்ளேயே யூதர்கள் பூங்காவுக்குள் வரக்கூடாது, பெஞ்சில் உட்காரக்கூடாதுன்னு தடைகள் வந்தாச்சு. அப்புறம் நாடுகடத்தல். யூதர்களைப் பிடிச்சு அடைச்சு வெச்ச முகாம்களில் ஒண்ணு காஸ்டெல்லெஸ்காஸ தெருவில் இருந்தது, பூங்காவிலிருந்து நடந்து போகிற தூரம். 65,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய யூதர்கள் கொல்லப்பட்டாங்க.

இப்போ பூங்காவுக்கு உள்ளே நடங்க. மரங்களுக்கு மேலே ஜன்னலே இல்லாத மாதிரி ரெண்டு கான்கிரீட் கோபுரங்கள் எழும்பி நிற்கும். ஃப்ளாக் டவர்னு சொல்லுவாங்க. விமானங்களைச் சுடும் பீரங்கிகளுக்காக 1944இல் நாஜிகள் கட்ட ஆரம்பிச்சது. வேலை செய்தவங்களில் போர்க்கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் நிறைய. வியன்னாவில் மொத்தம் ஆறு கோபுரம் இருக்கு. ஒண்ணு இப்போ மீன் காட்சியகமா மாறிடுச்சு, அவ்கார்ட்டன் கோபுரங்கள் அப்படியே நிற்குது. ஏன் இடிக்கலை? சுவரே 2 மீட்டருக்கும் அதிகத் தடிமன். சுத்தி வீடுகள் இருக்கிறப்போ அதைத் தகர்க்க எவ்வளவு வெடிமருந்து வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

ட்ரெஹே போட்ட ஒரு நேர்ப் பாதையில் நின்னா, பாதை முடியுற இடத்தில் அந்தக் கோபுரம் தெரியும். அங்கே நிற்கும்போது எனக்குத் தோணினது இதுதான்: இந்தத் தோட்டம் பெரிசா மாறலை. அதே பாதை, அதே கேட், அதே வாசகம். மாறினதெல்லாம் உத்தரவு. ஒருத்தர் தன் உத்தரவால் கொடுத்ததை இன்னொருத்தர் தன் உத்தரவால் பிடுங்கினார். 1938இல் அந்த வாசகத்தை அழிக்க வேண்டிய அவசியம்கூட அவங்களுக்கு வரலை. “மனிதர்கள்”ங்கிற வார்த்தையிலிருந்து கொஞ்சம் பேரை வெளியே எடுத்தாலே போதுமா இருந்தது.

இன்னைக்கு பூங்காவின் ஓரத்திலேயே ஒரு யூதப் பள்ளி வளாகம் இருக்கு. அவ்கார்ட்டன் பீங்கான் ஆலை இருக்கு. வியன்னா சிறுவர் பாடற்குழு இங்கேயுள்ள அரண்மனையில்தான் தங்கிப் படிக்குது. இருட்டின பிறகு கேட்டை மூடிடுவாங்க, அதனால சாயங்காலம் வெளிச்சம் இருக்கிறப்பவே போயிடுங்க. உள்ளே நுழையும்போது வாசகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்க. கோபுரங்களைச் சுத்தி வந்த பிறகு, வெளியே வரும்போது இன்னொரு முறையும் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.