டிக்கெட் கிடையாது, கட்-அவுட் கிடையாது. ஆனாலும் கியூ உண்டு!

மார்கழி வந்தால் சென்னை நகரில் இரண்டு கூட்டம்.

ஒரு கூட்டம் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் சபா சபாவாகப் போகும். பாட்டு கேட்கும். கேன்டீனில் ஒரு கை பார்க்கும்.

இன்னொரு கூட்டம் அண்ணா சாலை, ராயப்பேட்டை பக்கம் திரியும். கழுத்தில் அட்டை தொங்கும். கையில் நாலாக மடித்த தாள். அதில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கும். காலைக் காட்சிக்கே தியேட்டர் வாசலில் ஆஜர்! ராத்திரி கடைசி காட்சி முடிந்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வரும்.

யார் இவர்கள்? உலகப் பட விழா ரசிகர்கள்!

இங்கே கட்-அவுட் இல்லை. பாலாபிஷேகம் இல்லை. விசில் இல்லை. படத்தில் நடித்தவர் பெயர்கூட வாயில் நுழையாது. ஆனாலும் கியூ நிற்கிறது. கியூவில் பக்கத்தில் நிற்பவரிடம், "சார், காலையில அந்த ஈரான் படம் பாத்தீங்களா? எப்படி?" என்று விசாரணை நடக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் டீக்கடையில் அரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள். அடுத்த காட்சிக்கு மணியானதும் சேர்ந்தே உள்ளே போகிறார்கள்.

இந்த விழா எப்படி நடக்கிறது? யார் நடத்துகிறார்கள்? படம் எங்கிருந்து வருகிறது? இதோ விவரம்:

சர்க்கார் விழா அல்ல

சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003-ல் தொடங்கியது. நடத்துவது 'இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு. சுருக்கமாகச் சொன்னால் ஒரு ஃபிலிம் சொசைட்டி. தமிழக அரசு நிதி உதவி கொடுத்திருக்கிறது. ஆனால் படம் பிடிப்பதும், தியேட்டர் பிடிப்பதும், ஆள் பிடிப்பதும் சொசைட்டிக்காரர்களின் பாடு.

சென்னைக்கு உலகப் படம் புதிதல்ல. இந்தியாவின் முதல் சர்வதேசப் பட விழா 1952 ஜனவரி 24-ல் பம்பாயில் தொடங்கியது. பிறகு சென்னை, டெல்லி, கல்கத்தாவுக்கும் வந்தது. 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தை அப்போதுதான் நம் ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். 1959-ல் சத்யஜித் ராய் தலைமையில் ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு உருவானது. அதன் துணைத் தலைவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். 1978-ல் 'ஃபிலிமோத்சவ்' சென்னையில் நடந்தது. 1991-ல் மத்திய அரசின் சர்வதேச விழாவும் இங்கே வந்தது. 2004 முதல் அந்த விழா கோவாவிலேயே தங்கிவிட்டது.

அரசு விழா ஊர் ஊராகப் போனது, வரும், போகும். சொசைட்டி விழாதான் ஊரோடு நின்றது.

நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. 2015 டிசம்பரில் வெள்ளம் நகரையே மூழ்கடித்தது. அந்த வருஷத்து விழா 2016 ஜனவரிக்குத் தள்ளிப் போனது. 2020-ல் கொரோனா. அந்த விழா 2021 பிப்ரவரியில் நடந்தது. தள்ளிப் போனதே தவிர நின்று போகவில்லை!

ஏன் டிக்கெட் இல்லை?

விழாவுக்குப் புதிதாக வருபவர் கவுன்டரில் கேட்கும் முதல் கேள்வி: "ஒரே ஒரு படத்துக்கு டிக்கெட் குடுங்க சார்!"

கிடையாது. டெலிகேட் பாஸ் வாங்க வேண்டும். பெயர் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் பாஸ்.

இது என்ன வம்பு என்று தோன்றும். காரணம் சட்டம்.

சென்சார் சர்டிபிகேட் இல்லாத படத்தை இந்தியாவில் பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது. விழாவுக்கு வரும் வெளிநாட்டுப் படங்களுக்கு இந்திய சென்சார் ஏது? அதற்காக ஒரு வழி இருக்கிறது. 1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி மத்திய அரசு விலக்கு கொடுக்கலாம். விழாக் குழு படங்களைப் பார்த்து, பட்டியலும் கதைச் சுருக்கமும் டெல்லிக்கு அனுப்ப வேண்டும். வியாபாரத்துக்காகக் காட்டக் கூடாது; பதிவு செய்த டெலிகேட்டுகளுக்குத்தான் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வரும்.

அதனால்தான் டிக்கெட் இல்லை. கழுத்து அட்டை!

அனுமதி வராமலும் போகும். 2017 ஜூனில் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று ரோஹித் வெமுலா பற்றியது. ஒன்று காஷ்மீர் பற்றியது. இன்னொன்று ஜே.என்.யு. மாணவர்கள் பற்றியது. அட்டை வைத்திருந்தவர்களுக்கும் படம் கிடையாது!

பெட்டி போய் சாவி வந்தது

அந்தக் காலத்தில் படம் பெட்டியில் வரும். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 10,800 அடி ஃபிலிம். ஆறு ரீல். தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் பெட்டியை விடுவதற்குள் விழாக்காரர்களுக்கு உயிர் போய்விடும்.

இப்போது பெட்டி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க். முழுப்படமும் அதற்குள்!

அப்பாடா என்று மூச்சு விட முடியுமா? முடியாது. டிஸ்க்குக்குப் பூட்டு உண்டு. சாவி தனியாக ஈமெயிலில் வரும். அதற்குக் கே.டி.எம். என்று பெயர். இந்தத் தியேட்டர், இந்த சர்வர், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கணக்குப் போட்டுச் செய்த சாவி. வேறு திரையில் திறக்காது. நேரம் கடந்தாலும் திறக்காது.

கூட்டம் அதிகம், பெரிய திரைக்கு மாற்றலாம் என்று கடைசி நேரத்தில் நினைத்தால் முடிந்தது கதை! படம் கையில் இருக்கும். கியூ வாசலில் இருக்கும். திரை கறுப்பாக இருக்கும். பாரிஸிலோ பெர்லினிலோ உள்ள கம்பெனிக்காரரை எழுப்பிப் புதுச் சாவி வாங்க வேண்டும். நமக்குக் காலைக் காட்சி என்றால் அவருக்கு விடியற்காலை.

படம் இனாமாகவும் வருவதில்லை. ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று டாலரிலோ யூரோவிலோ கட்டணம் கேட்பவர்கள் அதிகம். இங்கேதான் வெளிநாட்டுக் கலாசார மையங்கள் கை கொடுக்கின்றன. நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ் முல்லர் பவன், அலையன்ஸ் பிரான்சேஸ், கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யக் கலாசார மையம் என்று நகரத்தில் பட ரசிகர்களுக்குப் பழக்கமான வாசல்கள் உண்டு.

தியேட்டர் எங்கே?

படம் வந்தது. அனுமதி வந்தது. சாவியும் வந்தது. காட்ட இடம் வேண்டாமா?

ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து திரை, தினம் ஐந்து காட்சி, எட்டு நாள். மொத்தம் 200 காட்சி. அத்தனைக்கும் வாடகை. வெள்ளிக்கிழமை பெரிய ஹீரோ படம் ரிலீஸ் என்றால் தியேட்டர்காரர் என்ன செய்வார்? பாவம், அவருக்கும் பிழைப்பு உண்டு.

முன்பு அண்ணா சாலை முழுக்கத் தியேட்டர். ஜெமினி பக்கம் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்தில் மூன்று. 1964-ல் வந்தது, 1994-ல் மூடியது. 1961-ல் வந்த சாந்தி 2016-ல் மூடியது. அசோக் நகர் உதயம் 2024-ல் மூடியது. கெயிட்டி, வெலிங்டன், அலங்கார், ஆனந்த் எல்லாம் பெரியவர்கள் வாயில் பஸ் ஸ்டாப் பெயராகத்தான் வாழ்கின்றன.

தேவி, காசினோ, அண்ணா, உட்லண்ட்ஸ் ஆகிய தியேட்டர்களில் எல்லாம் இந்த விழா நடந்திருக்கிறது. ஒன்றில் படம் முடிந்தால் அடுத்ததற்கு நடந்தே ஓடலாம். அந்த ஓட்டமும் விழாவில் ஒரு பகுதிதான். ஒரு தியேட்டர் இடிந்தால் ஜனங்கள் ஒரு மாலைப்பொழுதை இழக்கிறார்கள். விழாக்காரர் 40 காட்சிகளை இழக்கிறார்.

பேப்பரும் பேனாவும்

பழைய டெலிகேட்டுகளிடம் சில சூத்திரங்கள் உண்டு.

பெரிய பரிசு வாங்கிய படத்துக்கு முக்கால் மணி முன்னால் போய் நிற்க வேண்டும். பாஸ் இருந்தால் மட்டும் நாற்காலி நிச்சயம் இல்லை; முதலில் வந்தவருக்கே இடம். ஒரு நாளில் மூன்று படம் பார்த்தால் மூன்றும் மனசில் நிற்கும். ஐந்து பார்த்தால் போலந்து கதாநாயகன் கொரியாக்காரியைக் கல்யாணம் பண்ணிக்கொள்வான்!

சாப்பாடு? இடைவேளை இல்லாத படம் அது. பையில் இரண்டு வாழைப்பழம் இருந்தால் நல்லது.

பெரிய குறை ஒன்று உண்டு. அடியில் ஓடும் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். "படம் பாக்கறதா, எழுத்து படிக்கறதா?" என்று அலுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. உலகப் படம் தமிழ் ஜனங்களுக்கு என்றால் தமிழில் எழுத்து வேண்டாமா? ஒவ்வொரு படத்துக்கும் மொழிபெயர்ப்பாளர், நேரம், பணம் வேண்டும். ஆனாலும் வேண்டியதுதான். இங்கிலீஷ் தெரிந்தவருக்கு மட்டும் விழா என்றால் பாதி நகரம் வாசலிலேயே நின்றுவிடும்.

ராத்திரிக் கடைசிக் காட்சிக்குப் பெண்கள் வருவது முன்பு சிரமம். 2019 பிப்ரவரியில் அண்ணா சாலையின் இந்தப் பகுதிக்கும் மெட்ரோ வந்தது. எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று பக்கத்திலேயே ஸ்டேஷன். இப்போது கடைசி ரயிலைக் கணக்குப் பண்ணிக்கொண்டு உட்காருகிறார்கள்.

சின்ன விழாக்கள்

பெரிய விழாவுக்கே இத்தனை பாடு. சின்ன விழாக்களை நினைத்துப் பாருங்கள்!

மதுரையில் 'மறுபக்கம்' அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. அதன் பின்னால் இருப்பவர் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. வடக்கே கோரக்பூரில் 2006-ல் ஸ்பான்சரே வேண்டாம் என்று ஒரு விழா தொடங்கினார்கள். கொல்கத்தாவில் 2014 முதல் ஜனங்களிடம் வசூல் செய்தே விழா நடத்துகிறார்கள். மும்பையில் 2004-ல் அரசு விழாவில் இடம் கிடைக்காத ஆவணப்படங்களை, அதே சமயம் பக்கத்துக் கட்டடத்திலேயே 'விகல்ப்' என்ற பெயரில் போட்டுக் காட்டினார்கள்.

சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் பி.கே.ரோசி பெயரில் விழா நடத்துகிறது.

யார் இந்த ரோசி? மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' கதாநாயகி. தலித் பெண். படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிட்ட அன்று அவரையே தியேட்டருக்குள் விடவில்லை. சாதி வெறியர்கள் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரை விட்டே ஓடி, நாகர்கோவில் பக்கம் வந்து வேறு வாழ்க்கை வாழ்ந்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

தான் நடித்த படத்தைப் பார்க்க நாற்காலி கிடைக்காதவர் பெயரில், இன்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் விழா!

ஒரு சாயங்காலம்தான்

இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாம்தான் போனிலேயே வருகிறதே என்று கேட்கலாம்.

செழியன் இயக்கிய 'டு லெட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாடகை வீடு தேடும் ஒரு குடும்பத்தின் கதை. பாட்டு இல்லை. 2017-ல் கொல்கத்தா விழாவில் பரிசு வாங்கியது. தேசிய விருதும் வாங்கியது. சென்னை தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில்தான். விழாக்கள் இல்லாவிட்டால் நம் ஊர்க் கதை நம் ஊருக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாமில் பெரிய பரிசான 'டைகர்' விருது வாங்கியது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. ஆனால் தியேட்டர் ரிலீஸ் இல்லாமல் 2023 அக்டோபரில் நேராக ஓ.டி.டி.க்குப் போய்விட்டது. வெயிலில் அப்பனும் பிள்ளையும் நடக்கும் அந்தப் பொட்டல் காட்டைப் பெரிய திரையில் பார்த்தவர்கள், விழாவில் பார்த்தவர்கள்தான்.

சின்னப் படத்துக்கு 100-வது நாள் போஸ்டர் கிடையாது. ஒரு சாயங்காலம், ஒரு தியேட்டர், அவ்வளவுதான். அன்றைக்கு அரங்கு நிரம்பினால் அடுத்த ஊர் விழாக்காரர் கூப்பிடுவார். எடுத்தவருக்கு அடுத்த படம் எடுக்கத் தைரியம் வரும். 300 நாற்காலியில் 20 பேர் உட்கார்ந்திருந்தால், மேடையில் மைக்கைப் பிடித்து நிற்கும் டைரக்டர் பையனின் முகத்தைப் பார்க்க முடியாது.

டெல்லியிலிருந்து அனுமதி வரலாம். பாரிஸிலிருந்து சாவி வரலாம். நாற்காலியை நிரப்ப ஊர்க்காரர்தான் வர வேண்டும்.

இந்தத் தடவை தெரிந்த பெயர் ஒன்றுக்குப் போனால், தெரியாத பெயர் ஒன்றுக்கும் போய் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் டீக்கடையில் வந்து திட்டுங்கள். அங்கே உங்களோடு சண்டை போட ஆள் நிச்சயம் இருக்கும்!