ஜாமீன்: சொல்லும் சட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் கலங்கிய கண்களுடன் வந்தார். அடிதடி வழக்கொன்றில் கைதான அவர் மகனுக்கு நீதிமன்றம் பிணை வழங்கி ஒன்பது நாட்கள் ஆகியும் மகன் சிறையிலேயே இருந்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு இருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது உத்தரவு, நிற்க ஆளில்லை. அங்கிருந்தோரில் தகுதியுடையோர் பலர். எனினும், “பணத்தை உடனே கட்டச் சொல்வார்களோ?” என்னும் அச்சத்தால் எவரும் வாய் திறக்கவில்லை. நாமும் அன்று விவரம் அறியாதவராகவே இருந்தோம்.

‘ஜாமீன்’ என்னும் சொல், அரபியின் ‘ளாமின்’ பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த வடிவம். பொறுப்பேற்பவர் என்பது அதன் பொருள். அது குறிப்பது பணத்தையன்று, மனிதரை. ஃபிக்ஹு நூல்கள் ‘கஃபாலா’வை இரண்டாகப் பிரிக்கின்றன: பிறர் கடனுக்குப் பொறுப்பேற்பது ஒன்று, ஓர் ஆளை உரிய வேளையில் முன்னிறுத்தப் பொறுப்பேற்பது மற்றொன்று. பின்னதற்குச் சட்ட அறிஞர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று சூரா யூசுஃபின் 66ஆம் வசனம். புன்யாமீனை அனுப்புமுன், அவரைத் திரும்பக் கொண்டுவருவதாக மைந்தர்களிடம் யஃகூப் (அலை) அவர்கள் உறுதிமொழி பெறுகிறார்கள். அவர்கள் அனைவரும் சூழப்பட்டுவிட்டாலொழிய என்ற விலக்கையும் உடன் சேர்க்கிறார்கள்.

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் பிணையின் அடிப்படையும் இதுவே. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றவாளி அல்லர். ஆயினும் விசாரணைக்கு அவர் வந்தாக வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே பிணை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன்படி பிணையில் விடத்தக்க குற்றங்களில் பிணை கைதானவரின் உரிமை. காவல் நிலையத்திலேயே அதைப் பெறலாம். பிணையில் விட இயலாதவை எனப்படும் குற்றங்களில் முடிவு நீதிமன்றத்தின் கையில் உள்ளது. தப்பியோடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, குற்றத்தின் தன்மை யாது என்பனவற்றை நீதிபதி சீர்தூக்கிப் பார்ப்பார். கைதுக்கு அஞ்சுவோர் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்பிணை கோரலாம். குற்றத்தின் கடுமைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில், பிணை கோரும் உரிமை தானே பிறக்கிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்ற சிறப்புச் சட்டங்களில் இவ்வாயில்கள் மிகக் குறுகியவை.

இனிப் பிணைப்பத்திரம். இங்கேதான் நம்மவர் பலரும் தவறாக எண்ணுகின்றனர். பத்திரத்தில் எழுதப்படும் தொகை பொதுவாக அன்றே செலுத்தப்படுவதன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் நிபந்தனையை மீறினால் செலுத்துவதாகத் தரும் வாக்குறுதியே அது. பிணையாளர் தம் அடையாளத்துக்கும் வசதிக்கும் ஆவணம் காட்டிக் கையொப்பமிடுகிறார்.

ஆயினும் இதை வெறும் கையொப்பம் எனக் கருதலாகாது. அவர் தலைமறைவானால், தொகையைச் செலுத்துமாறு அல்லது செலுத்த வேண்டாமைக்குக் காரணம் காட்டுமாறு நீதிமன்றம் பிணையாளரைக் கேட்கும். தக்க காரணம் இருப்பின் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். காரணமும் காட்டாது தொகையும் தராவிடில், அது அபராதம் போல் வசூலிக்கப்படும். வசூலிக்க இயலாதபோது ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையும் நேரலாம். நம்பிக்கை இழந்த பிணையாளர் நடுவரிடம் விண்ணப்பித்து விலகிக்கொள்ளவும் வழியுண்டு.

இத்தகைய பிணை ஏழைக்கு எட்டாக்கனி ஆவதை நீதிமன்றங்களும் உணர்ந்துள்ளன. 1978இல் மோத்திராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்ட நடுவர், வேறு மாவட்டத்தில் சொத்துடைய பிணையாளரை ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தில் அவரை விடுவித்தார். இன்று, பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணையாளர் தர இயலாதவரை வறியவராகவே கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். பிற வழக்குகளில் பிணை கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணையாளர் அமையாவிடில், நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உதவியும் பெறலாம். எனினும் 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள் என்பதை மறத்தலாகாது.

அன்று மஃரிபுக்குப் பின் வழக்கறிஞர் ஒருவரிடம் விவரம் கேட்டறிந்தோம். மறுநாள் நாமும் நம் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் நீதிமன்றம் சென்று பத்திரத்தில் கையொப்பமிட்டோம். பிணைத்தொகையில் ஒரு காசும் கட்டவில்லை. அன்று மாலையே அவன் வீடு திரும்பினான். அதன்பின் எந்த வாய்தாவுக்கும் அவன் தவறவில்லை. தவறினால் யார் தலைகுனிய நேரும் என்பதை அவன் அறிந்திருந்தான். வசதியும் நற்பெயரும் உடையோர், ஆளை அறிந்து, பொறுப்பை உணர்ந்து முன்வருவார்களாயின், பிணை கிடைத்தும் சிறையில் வாடும் நிலை நம் மஹல்லாக்களிலேனும் இராது.