மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம்

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் நிதானமாக வளர்கிற நோய். குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் வழக்கமாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ பிடிக்கும். அந்த நெடிய காலத்தில் வலி இருக்காது, பசியும் குறையாது. ஆனால் பெரிதான பாலிப்பும் தொடக்கநிலைப் புற்றும் அவ்வப்போது கசியும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் மலத்தோடு கலந்துவிடும். வீட்டிலேயே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் மலப் பரிசோதனை தேடுவது இந்த ரத்தத்தைத்தான்.

முதலில் வந்தது குவையாக் அட்டை. கரீபியப் பகுதியில் வளரும் குவையாக் மரத்தின் பிசின் தோய்த்த அட்டையில் மலத்தைத் தடவி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். ரத்தம் இருந்தால் நீலம் படரும். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கியிருக்கும் ஹீம் என்ற பகுதி செய்கிற வேலை அது. சிக்கல் என்னவென்றால், ஹீமில் மனிதனுடையது, ஆட்டினுடையது என்ற பேதம் கிடையாது. முந்தின நாள் சாப்பிட்ட கறியும் அட்டையை நீலமாக்கிவிடலாம். வைட்டமின் சி மாத்திரையோ இருக்கிற ரத்தத்தையும் மறைத்துவிடும். எனவே உணவில் பத்தியம் காத்து, மூன்று வேறு வேளை மலத்திலிருந்து மாதிரி எடுக்கச் சொன்னார்கள். இத்தனை குறைகள் இருந்தும் அந்த அட்டை உயிர்களைக் காத்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 50 முதல் 80 வயது வரையிலான 46,551 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டவர்களிடையே, 13 ஆண்டுகளில், இந்த நோயால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இன்று பல நாடுகளில் அந்த அட்டையின் இடத்தைப் பிடித்திருப்பது ஃபிட் என்ற பரிசோதனை. ஜப்பான் 1992-லேயே இதை 40 வயதைத் தாண்டியவர்களுக்கான தேசியத் திட்டமாக்கியது. ஃபிட் ஹீமைத் தேடுவதில்லை. மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினைத் தேடுகிறது. மனித குளோபினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஆகவே கறி சாப்பிட்டிருந்தாலும் கவலையில்லை, பத்தியமும் தேவையில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. இரைப்பையில் கசிந்த ரத்தத்தின் குளோபின் கீழே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் செரித்துவிடும். மலத்தில் குளோபின் சிக்கினால் கசிவு பெருங்குடலில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஃபிட்டுக்கு மாதிரி எடுக்கும் குழாயின் அமைப்பில் நல்ல யோசனை இருக்கிறது. மூடியோடு சேர்ந்த மெல்லிய குச்சியின் நுனியில் சிறு பள்ளங்கள் வெட்டியிருக்கும். மலம் தண்ணீரில் விழுவதற்கு முன் காகிதத்திலோ உலர்ந்த பாத்திரத்திலோ ஏந்தி, அதன் மேற்பரப்பைக் குச்சியால் பல இடங்களில் கீற வேண்டும். ரத்தம் எங்கும் ஒரே சீராகக் கலந்திருக்காது. குச்சியைக் குழாய்க்குள் திருப்பிச் செருகும்போது அதன் குறுகிய கழுத்து மிகுதியை வழித்துவிடுகிறது. பள்ளங்களில் தங்கிய சுமார் 10 மில்லிகிராம் மட்டுமே உள்ளிருக்கும் திரவத்தில் கரைகிறது. அளந்து போடத் தெரியாதவர் எடுத்தாலும் அளவு பிசகாது. ஆய்வகத்தில் அந்தத் திரவத்தை, எதிர்பொருள் பூசிய நுண்மணிகளோடு கலக்கிறார்கள். குளோபின் இருந்தால் மணிகள் பால் திரிவதுபோல் ஒன்றோடொன்று கூடித் திரவம் கலங்கும். எவ்வளவு கலங்கியது என்பதை ஒளியைச் செலுத்தி இயந்திரம் அளக்கிறது. குழாயை வெயிலிலோ சூடான அறையிலோ வைத்திருந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து விடும். இத்தாலியின் ஃபுளோரன்ஸில் கோடை மாதங்களில் பாசிட்டிவ் முடிவுகள் குறைந்ததையே பார்த்திருக்கிறார்கள். மாதிரி எடுத்த கையோடு அனுப்பிவிட வேண்டும்.

இயந்திரம் தருவது ஓர் எண்: ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்று. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்று கோடு கிழிப்பது மனிதர்களின் முடிவு. நெதர்லாந்து 2014-இல் 55 முதல் 75 வயது வரையுள்ளவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று திட்டத்தைத் தொடங்கியபோது கோடு 15-இல் இருந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, பத்தில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் வந்தது. அத்தனை பேருக்கும் உரிய காலத்தில் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்ய மருத்துவமனைகளால் இயலவில்லை. அந்த ஆண்டின் நடுவிலேயே கோட்டை 47-க்கு உயர்த்தினார்கள். 2019-இல் ஃபிட்டுக்கு மாறிய இங்கிலாந்து தொடங்கியதே 120-இல். ஒரே மாதிரி ஒரு நாட்டில் அபாய அறிவிப்பாகவும் இன்னொன்றில் 'கவலை வேண்டாம்' கடிதமாகவும் ஆகிறது என்பது முதலில் கேட்க உறுத்தும். ஆனால் பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பது அதைவிடக் கொடுமை. நெதர்லாந்து செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஃபிட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே முறை செய்த ஃபிட் புற்றுகளில் 74 விழுக்காட்டைப் பிடித்தது. ஆபத்தான பாலிப்புகளில் பிடித்தது 24 விழுக்காடு மட்டுமே. எனவேதான் இதை ஒரு முறையோடு நிறுத்தாமல் ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை திரும்பச் செய்கிறார்கள். இந்த முறை கசியாத பாலிப் அடுத்த முறை கசியலாம். வடக்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு, தன் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் குழாயைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. உரிய பரிசோதனை செய்துகொண்டவர்களின் பங்கு 2000-இல் 39 விழுக்காடாக இருந்தது, 2015-இல் 83 ஆனது. இந்த நோயால் வரும் மரணம் பாதிக்கு மேல் குறைந்தது.

இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபிட், அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கானது. மலத்தில் ரத்தத்தைக் கண்ணாலேயே பார்த்தவர்கள், காரணமில்லாமல் எடை குறைந்தவர்கள், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்கள் குழாயைத் தேடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். நம் வீடுகளில் ரத்தம் தெரிந்தால் 'மூலம்', 'உடம்புச் சூடு' என்று சொல்லி மோரும் இளநீரும் குடித்து ஓட்டிவிடுகிறோம். மூலமாகவே இருக்கலாம்; ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நெருங்கிய ரத்த உறவில் இந்த நோய் வந்திருந்தால் எப்போது, எந்தப் பரிசோதனை என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

பாசிட்டிவ் வந்தால் புற்று என்று பொருளல்ல, பெரும்பாலோருக்கு இருக்காது. ஆனால் 'இன்னொரு தடவை செய்து பார்ப்போம்' என்று மறுபடி குழாயை நிரப்புவது தவறு. இரண்டாவது முடிவு நெகட்டிவாக வந்தாலும் முதல் முறை கசிந்த இடம் எது என்பதை அது சொல்லாது. அடுத்த படி கொலோனோஸ்கோபிதான். அதில் பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். பாசிட்டிவ் வந்த சுமார் 70,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றும் முற்றிய புற்றும் கூடுதலாக இருந்தன.