தப்பிய ஆபத்தின் பயன்

ரண சிகிச்சைக்கு உட்படுகிறவர், தம் உணர்வையும் சுவாசத்தையும் சில மணி நேரம் மயக்க மருந்து நிபுணரின் பொறுப்பில் ஒப்படைத்துவிடுகிறார். அந்த நேரத்தில் சுவாசக் குழாய் இயந்திரத்திலிருந்து கழன்றுவிடுவதும், ஒரு மருந்து என்று கருதி வேறொரு மருந்துள்ள ஊசியைக் கை எடுத்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் பிழை உடனே கண்டறியப்பட்டு, நோயாளிக்குத் தீங்கு நேராமலே போகிறது. தீங்கு நேராத காரணத்தாலேயே அது எந்த ஏட்டிலும் ஏறாமலும் போகிறது.

இந்த மௌனத்தை முதலில் கலைத்தவர்களுள் ஒருவர், வைத்தியரல்லாத ஒரு பொறியியலாளர். பாஸ்டன் நகரின் மாஸாசூஸெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜெஃப்ரி கூப்பர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானிகளின் அனுபவங்களைத் திரட்டுவதற்காக மனோதத்துவ அறிஞர் ஜான் ஃபிளானகன் வகுத்த முறையைக் கையாண்டு, மயக்க மருந்து நிபுணர்களிடம், அவர்கள் கையால் நேர்ந்தவையும் கண்ணால் கண்டவையுமான சம்பவங்களைக் கேட்டறிந்தார். 1978-இல் வெளியான அவருடைய ஆய்வில், தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்கள் இடம்பெற்றன. அவற்றுள் 82 சதவிகிதத்தில் மனிதப் பிழை கலந்திருந்தது. ஆனால் அதைக் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடாமல், எளிதில் கழலும் இணைப்பு, தவறுதலாகத் திரும்பும் வாயுக் குமிழ், ஒன்றுபோல் தோன்றும் ஊசிகள் ஆகியவை அப்பிழைக்கு எவ்வாறு வழிவகுத்தன என்று வினவியதே அந்த ஆய்வின் சிறப்பு.

1988-இல் ஆஸ்திரேலியாவில், பேராசிரியர் வில்லியம் ரன்ஸிமன் முதலானோர் இம்முயற்சியை நாடளாவிய ஏற்பாடாக விரித்தனர். பெயர் குறிப்பிடாமல், எவரும் விரும்பி அனுப்பலாம் என்ற நியதியில் வந்த முதல் 2,000 அறிக்கைகளின் ஆராய்ச்சி 1993-இல் வெளியாயிற்று. பொது மயக்கத்தின்போது நேர்ந்த சம்பவங்களுள் பாதிக்குச் சற்று அதிகமானவற்றை முதலில் உணர்த்தியவை கருவிகளே என்றும், விரலில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயுவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் காப்னோகிராஃபும் அவற்றுள் முதன்மையானவை என்றும் அதில் தெரியவந்தது.

எனினும், தண்டிக்கும் அதிகாரியிடமே தன் பிழையைச் சொல்ல எவர் முன்வருவார்? அமெரிக்க விமானத் துறை 1976-இல் இதற்கு ஒரு விடை கண்டது: விமானிகளின் அறிக்கைகளை, தண்டிக்கும் அதிகாரமுள்ள இலாகா பெறாமல், அவ்வதிகாரமற்ற நாஸா பெற்று, பெயர்களை நீக்கி ஆராயும்படி ஏற்பாடு செய்தது. கேட்பவரும் தண்டிப்பவரும் வேறானபோதுதான் உண்மை வெளிவரும் என்னும் இத்தத்துவம் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். அலட்சியத்தையும் வேண்டுமென்றே செய்த தீங்கையும் விசாரிக்கச் சட்டம் தனியே இருக்கிறது. அறிக்கை அதற்கு மாற்றன்று.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. விரும்பியவர் மட்டுமே எழுதுவதால், எத்தனை சிகிச்சைகளுக்கு ஒரு பிழை என்னும் கணக்கை இவ்வறிக்கைகள் தர இயலாது. பிழை எவ்வாறு பிறந்தது, எதனால் தடுக்கப்பட்டது என்பதையே அவை காட்டும். ஆகவே, அறிக்கைகள் மிகுந்த ஆஸ்பத்திரியை அபாயமான இடமென்று முடிவு கட்டுவதும், ஒன்றுமே எழுதாத ஆஸ்பத்திரியைப் பத்திரமானதென்று நம்புவதும் ஒருங்கே தவறாகும். எழுதியவர், தம் அறிக்கையின் பயனாக ஓர் இணைப்போ ஒரு மருந்தின் பெயர்ச்சீட்டோ மாற்றப்பட்டதைக் கண்ணால் காண்பாராயின், அடுத்த அறிக்கையை எழுதும்படி அவரை எவரும் வற்புறுத்த வேண்டியிராது.