முற்றத்து நீராவி வண்டி

ஊர்காவற்றுறையிற் பிறந்தவர்க்குப் புகையிரதம் என்றும் கடலுக்கு அப்பாலுள்ள பொருளே. 1905இல் வடபாதை நிறைவெய்தி யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. தீவகத்திலோ ஒருபோதும் தண்டவாளம் இடப்படவில்லை. அக்குறையை என் தந்தையார் தம் முற்றத்திலேயே தீர்த்துக்கொண்டார். இளமையிற் கொழும்பிற் பணிபுரிந்த அவர், நிலக்கரி எந்திரங்கள்மேற் கொண்ட காதலால், மதுசார விளக்கின் வெம்மையில் ஓடும் சிறிய பித்தளை எந்திரமொன்றை வாங்கிவந்தார். அதன் பாதையின் அகலம் 32 மில்லிமீற்றர். 5 அடி 6 அங்குலமான இலங்கைப் பாதையில் இஃது ஏறத்தாழ 52இல் ஒரு பங்காகும்.

1990இல் நாம் இடம்பெயர்ந்தபோது தந்தையார் ஒரு கையில் ஏட்டுக்கட்டையும் மறு கையில் இவ்வெந்திரத்தையும் எடுத்துவந்தார். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துப் புகையிரதமும் நின்றது. 2014இல் அது மீளும்வரை, என் மாணாக்கர் பலர்க்குப் புகையிரதம் ஒரு சொல்லாகவே இருந்தது. அவர்களுக்கு நான் காட்டக்கூடியதாயிருந்தது இச்சிறு வண்டி ஒன்றே.

தந்தையார் மறைந்தபின் அதுவும் தளர்ந்தது. ஒரு சுற்று ஓடும். பின் பெருமூச்செறிந்து நிற்கும். மின்கலையில் வல்லவனான பழைய மாணாக்கன் ஒருவன் அதனை ஆராய்ந்து, “ஐயா, கொதிகலனை எடுத்துவிட்டு மோட்டார் ஒன்றைப் பூட்டுவோம், புகையிரத ஓசையையும் அதிலேயே எழுப்பலாம்” என்றான். அவன் கூற்றிற் குற்றமில்லை. ஆயினும் என் உள்ளம் இசையவில்லை.

திருத்துதல் வேறு, மாற்றிவிடுதல் வேறு அன்றோ? நீலகிரி மலைப்பாதையின் பழைய எந்திரங்கள் 1914 முதல் 1925 வரை சுவிற்சர்லாந்திற் செய்யப்பட்டவை. பொன்மலைத் தொழிற்சாலையினர் அவற்றுட் சிலவற்றை நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் எரியுமாறு அமைத்தனர். எரிபொருள் மாறிற்று, நீராவியும் பற்சக்கரமும் மாறவில்லை. செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் சிதைந்ததைச் சீர்செய்தாரேயன்றிப் புதுநூல் புனைந்தாரல்லர்.

இவ்வாறு யான் கூற, மாணாக்கனும் உடன்பட்டான். இருவரும் நோயின் காரணத்தை நாடினோம். முதற் காரணம் எம் கிணற்று நீர்! சுண்ணப்பாறையில் ஊறிய அவ்வுவர்நீர் கொதிகலனுள் வெண்படையாய்ப் படிந்து, தீயின் வெம்மை நீரை அடையாது தடுத்திருந்தது. தேசிக்காய்ப் புளியை நீரிற் கரைத்து ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்துக் கழுவினோம். இனி மழைநீரே வார்ப்பதென உறுதிகொண்டோம்.

இரண்டாவது, ஆடும் உருளை தன் தளத்தோடு பொருந்தாமையால் நீராவி இடையே கசிந்தது. கண்ணாடித் தட்டின்மீது நுண்ணிய தேய்ப்புத்தாளை விரித்து, அதன் முகத்தைப் பொறுமையாகத் தேய்த்துச் சமப்படுத்தினோம். தளர்ந்த சுருள்வில்லை மாற்றினோம். அது மிக இறுகினால் உராய்வு மிகும். நெகிழ்ந்தால் நீராவி கசியும். விளக்கிற்குப் புதுத்திரி இட்டோம். கடற்காற்றில் வெம்மை வீணாகாதிருக்கக் கொதிகலனைச் சுற்றி மெல்லிய மரச்சலாகைகளைப் பொருத்தினோம். காவல் அடைப்பானை மட்டும் இறுக்கவில்லை. வேகத்தை விரும்பி அதனை இறுக்குவோன் கொதிகலன் வெடிப்பதற்கு வழிசெய்கின்றான்.

சென்ற வாரம் மாலையில் விளக்கேற்றினோம். ஒரு சுற்றில் நிற்கும் வண்டி ஏழு சுற்று ஓடிற்று. திண்ணையிலிருந்த என் முதுதாயார் ஒன்றும் பேசவில்லை. எட்டாஞ் சுற்றுக்கு மதுசாரம் உளதோ என்று மட்டும் வினவினார்.

கழற்றிய சுருள்வில்லையும் கருகிய திரியையும் யான் எறிந்துவிடவில்லை. நாளும் காரணமும் எழுதிய தாளோடு ஒரு தகரப்பேழையில் இட்டுவைத்துள்ளேன். பதிப்பாசிரியன் தான் விலக்கிய பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டுவான்; எந்திரம் திருத்துவோனுக்கும் அக்கடமை உண்டு.